கினிப்பன்றிக்கு வருவது வெறும் சளி அன்று

நேயர்களுக்கு என் வணக்கம்.

மழைக்கால மாலை ஒன்றில், அட்டைப்பெட்டிக்குள் கினிப்பன்றியை வைத்துக்கொண்டு ஒரு தாயும் மகளும் என் சிகிச்சை அறைக்கு வந்தார்கள். "இரண்டு நாளாகச் சளி டாக்டர், புல்லை வாயில் இழுக்கிறது, மெல்ல மாட்டேன் என்கிறது" என்றாள் சிறுமி. மயிர் சிலிர்த்து, முதுகைக் கூனி ஒடுங்கியிருந்த அந்தப் பிராணியின் மூக்குத் துளைகளைச் சுற்றி மஞ்சள் பொருக்கு காய்ந்திருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் விலா உள்வாங்கியது. அவர்கள் சளி என்று எண்ணியது நிமோனியா.

பிற விலங்குகளுக்கு இரையாகும் உயிர் என்பதால் கினிப்பன்றி தன் நோயை இயன்றவரை மறைத்துக்கொள்ளும். ஆகவே நம் கண்ணுக்குத் தெரியும் வேளையில் நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும். கண்ணோரம் எப்போதாவது பால்போல் வெள்ளையாகச் சுரப்பது முகம் கழுவிக்கொள்ள இயற்கை தந்த நீர். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். கண்ணோரத்தில் பொருக்குத் தட்டினாலோ, தும்மல் தொடர்ந்தாலோ, உணவை மறுத்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.

இந்நோய்க்குப் பெரும்பாலும் காரணமாகும் கிருமிகள் போர்டெட்டெல்லா பிராங்கிசெப்டிகா, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் நிமோனியே என்ற இரண்டு பாக்டீரியாக்கள். இவற்றுள் முதலாவதை முயலும் நாயும் எந்த அறிகுறியும் இல்லாமல் மூக்கில் சுமந்து திரியக்கூடும். விசாரித்தபோது, அந்த வீட்டில் முயலும் கினிப்பன்றியும் ஒரே கூண்டில் வளர்வது தெரிந்தது. அழகுக்காக இரண்டையும் சேர்த்து வைப்பதை நான் ஒருபோதும் ஏற்பதில்லை. புதிதாக வாங்கும் கினிப்பன்றியையும் இரண்டு மூன்று வாரம் தனி அறையில் வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேர்க்க வேண்டும். சிறுநீர் ஊறிய படுக்கையிலிருந்து கிளம்பும் அம்மோனியா மூச்சுக்குழாயின் உட்சுவரைப் புண்ணாக்கிக் கிருமிக்கு வழிவிடுகிறது என்பதால், கூண்டருகே குனிந்தால் நமக்கே நெடியடிக்கும் நிலை வரக்கூடாது.

மனிதரைப் போலவே கினிப்பன்றியின் உடலும் வைட்டமின் சி-யைத் தானாக உண்டாக்காது. 1907-இல் நார்வேயின் ஹோல்ஸ்ட், ஃப்ரோலிச் என்ற இருவர் தானியம் மட்டுமே கொடுத்து வளர்த்த கினிப்பன்றிகளிடம், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைக் கண்டார்கள். இந்தச் சத்து குறைந்தால் நோய் எதிர்ப்பும் தளரும். குடைமிளகாயும் கொத்தமல்லித் தழையும் நாள்தோறும் சிறிது கொடுங்கள். கொய்யா இனிப்பானது, எப்போதாவது ஒரு துண்டு போதும்.

புறப்படும் முன் அந்தத் தாய், "குழந்தைக்கு வாங்கிய அமாக்சிசிலின் சிரப் மீதி இருக்கிறது, அதையே கொடுக்கலாமா?" என்று கேட்டார். கேட்டது அந்த உயிரின் நற்பேறு. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்தை வாய்வழியே கொடுத்தால் கினிப்பன்றியின் குடலிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் அழிந்து, நச்சு சுரக்கும் கிளாஸ்ட்ரிடியம் என்ற பாக்டீரியா பெருகிச் சில நாட்களில் உயிரையே பறித்துவிடும். நான் எடைக்கேற்ற அளவில் என்ரோஃப்ளாக்சசின் என்ற வேறு வகைக் கிருமிக்கொல்லி மருந்தைக் கொடுத்தேன். உணவின்றி ஒரு நாள் கழிந்தாலே குடல் இயக்கம் நின்றுவிடலாம் என்பதால், ஊறவைத்துக் குழைத்த தீவனத்தை ஊசியில்லாச் சிரிஞ்சால், மல்லாத்தாமல் நிமிர்த்திப் பிடித்து, கடைவாய்ப் பக்கமாகச் சிறிது சிறிதாக ஊட்டும் முறையைச் சிறுமிக்குக் காட்டினேன்.

நான்காம் நாள் அது கொத்தமல்லிக் காம்பைத் தானே கடித்து இழுத்தது. முயலுக்குத் தனிக் கூண்டு வந்துவிட்டது. சிறுமி ஞாயிறுதோறும் சமையலறைத் தராசில் கினிப்பன்றியை நிறுத்து எடையை நோட்டில் எழுதி வருகிறாள். ஒரு வாரத்தில் 50 கிராம் குறைந்தால் தும்மலுக்குக் காத்திராமல் வரும்படி சொல்லியிருக்கிறேன்.