கேஸை மூடினேனா? ஓசிடி பற்றிக் கொஞ்சம் பேசலாம்

வணக்கம் மக்களே. திருவொற்றியூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்று பேசுகிறேன். நடுநடுவே கன்டெய்னர் லாரி ஹாரன் கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கைப்பிடிச் சுவரில் விரலை வைத்து இழுக்கிறேன், பாருங்கள். கறுப்பு. காலையில்தான் அம்மா துடைத்தார். கொஞ்சம் சுத்தம் பார்த்தாலே ஓசிடி என்று சொல்லிவிடுகிறார்கள். ஓசிடி என்பது வேண்டாத எண்ணத்தில் மனம் மாட்டிக்கொண்டு, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்ய வைக்கும் மனநோய். நம் ஏரியாவில் ஒரு நாளைக்கு இரண்டு தடவை வீட்டைத் துடைப்பவருக்கெல்லாம் ஓசிடி என்றால், தெருவையே டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டியதுதான். தூசி படிகிறது, துடைக்கிறார்கள், டீ குடிக்கப் போய்விடுகிறார்கள். வேலை முடிந்தது என்று மனம் ஒத்துக்கொள்கிறது. ஓசிடி வந்தவருக்கு மனம் ஒத்துக்கொள்வதே இல்லை.

என் சித்தப்பா பையனைப் பற்றிச் சொல்கிறேன், அவனிடம் கேட்டுவிட்டுத்தான். வேலைக்குக் கிளம்பும்போது சிலிண்டர் ரெகுலேட்டரை மூடுவான். தெருமுனை வரை போய்த் திரும்பி வருவான். குமிழைப் பிடித்தபடியே நிற்பான். மூடித்தான் இருக்கிறது, கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் கையை எடுக்க முடியாது. அப்புறம் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போக ஆரம்பித்தான். தேரடி மெட்ரோ ஸ்டேஷனில் நின்று அதைப் பார்ப்பான். இது இன்றைக்கு எடுத்ததா, நேற்று எடுத்ததா? தேதியைப் பார்ப்பான். சரி, எடுத்து முடித்த பிறகு கை பட்டுத் திறந்திருந்தால்? அதற்குள் ரயில் போய்விடும். இதெல்லாம் அர்த்தமில்லாதது என்று அவனுக்கே தெரியும். பெரும்பாலானவர்களுக்குத் தெரியும். "புத்தி இல்லையா உனக்கு" என்று திட்டினால் எரிச்சலாக இருப்பது அதனால்தான்.

வேண்டாம் என்றாலும் உள்ளே புகுந்து பயமுறுத்தும் எண்ணம் ஒரு பக்கம். அந்தப் பயத்தை அடக்க, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது இன்னொரு பக்கம். செய்தால் கொஞ்ச நேரம் நிம்மதி. அந்த நிம்மதிதான் வினையே. சொறியச் சொறிய அரிப்பு கூடுகிற மாதிரி, அடுத்த சந்தேகம் இன்னும் வேகமாக வரும். இதில் ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, படிப்பு, வேலை, குடும்பம் கெட்டாலோதான் டாக்டர்கள் இதை நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில் தலைகாட்டும். 100 பேரில் ஏறக்குறைய 2 பேருக்கு வாழ்நாளில் எப்போதாவது வருகிறது.

கை கழுவும் வகைதான் எல்லோருக்கும் தெரியும். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைக்கிற வீட்டில் ஒருவர் கை கழுவவே அரை டிரம் காலி செய்தால், அதைத் திமிர் என்றுதான் நினைப்பார்கள். அக்கம்பக்கத்தில் சண்டையே வந்துவிடும்.

வெளியே தெரியாத வகையும் உண்டு. கைக்குழந்தையோடு இருக்கும் அம்மா அரிவாள்மனையைப் பார்க்கிறார். "குழந்தையை ஏதாவது செய்துவிடுவேனோ" என்று ஒரு எண்ணம். நடுங்கிப்போய் அரிவாள்மனையைப் பரணில் ஏற்றிவிடுகிறார். வடிவுடையம்மன் சன்னதியில் கும்பிடும்போது இன்னொருவருக்கு மனதுக்குள் கெட்ட வார்த்தை வருகிறது. அதைக் கழிக்க மனதுக்குள்ளேயே நாமம் சொல்கிறார், நடுவில் தப்பினால் முதலிலிருந்து. பார்ப்பவருக்கு ஒன்றுமே தெரியாது. அவர்கள் விரும்பாத எண்ணம் என்பதால்தான் இவ்வளவு பயம். அந்த அம்மா கொலைகாரியும் இல்லை, இவர் பாவியும் இல்லை. இதைக் காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப்போய் வருஷங்களை வீணாக்குவதைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

வீட்டில் இருப்பவர்களுக்கு ஒன்று. "கேஸ் மூடியாச்சா?" என்று கேட்டால் பாசத்தில் "மூடியாச்சுப்பா" என்கிறோம். பத்தாவது தடவையும் அதையே சொல்கிறோம். நோய்க்குத் தீனி போடுவது அந்தப் பதில்தான். அதற்காக ஒரேயடியாக வாயை மூடிக்கொள்ளவும் கூடாது. "உனக்கு இப்போது பதட்டமாக இருக்கிறது, தெரிகிறது, நான் பதில் சொல்லப்போவதில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்" என்று சொல்லலாம். சித்தி இதைப் பழகுவதற்குள் அழுதேவிட்டார்.

இதற்கான சிகிச்சைப் பயிற்சியும் அதே வழிதான். பயத்தைத் தூண்டுவதைக் கொஞ்சம் கொஞ்சமாக எதிர்கொள்ள வைத்து, சரிபார்க்காமல் இருக்கப் பழக்குவார்கள். 1966-இல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் இதைச் செய்து காட்டினார். கூடவே ஃப்ளூஆக்ஸெடின், செர்ட்ராலின் மாதிரி மாத்திரை. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிடப் பெரும்பாலும் அதிக அளவு தேவைப்படும், பலன் தெரிய 8 முதல் 12 வாரம்கூட ஆகலாம். இரண்டு வாரத்தில் "ஒன்றும் ஆகவில்லை" என்று நிறுத்திவிடாதீர்கள். நீங்களாக அளவைக் கூட்டவும் வேண்டாம்.

"கீழ்ப்பாக்கம் கேஸ்" என்று கிண்டல் செய்வார்களே என்று தயங்குபவர்கள் நம் பக்கம் நிறைய. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, மற்ற பிரிவுகளுக்கு மாதிரியே ஓபி சீட்டு வாங்கிக்கொண்டு போகலாம். முதலில் போனில் பேச வேண்டுமென்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், தமிழில் பேசுவார்கள். டாக்டரிடம் போகும்போது என்னென்ன எண்ணம் வருகிறது, ஒரு நாளில் எவ்வளவு நேரம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சொல்லவே கூசுகிற எண்ணத்தையும் விடாமல் எழுதுங்கள், அந்த மாதிரி அவர்கள் எத்தனையோ கேட்டிருப்பார்கள்.