பால் பைத்தான் எலியைத் தொடலையா? முதல்ல தராசை எடுங்க

[காட்சி: நீள இடுக்கியில் எலி. பாம்பு தலையைத் திருப்பிக்கொள்கிறது.]

பால் பைத்தான் (ball python, பந்து மாதிரி சுருண்டுக்கிற ஆப்பிரிக்கப் பாம்பு) வளர்க்கிற வீட்ல இது நடக்காம இருக்காது. எலியை நீட்டுவீங்க, அது அந்தப் பக்கம் திரும்பிக்கும். பதறாதீங்க. கானா, டோகோ, பெனின் பக்கத்து இனம் இது. நல்லா வளர்ந்தது மாசக்கணக்குல பட்டினி தாங்கும். குட்டி அவ்வளவு தாங்காது.

[காட்சி: சமையலறைத் தராசு, மேலே மூடிய டப்பா.]

அதனால நாளை எண்ணாம எடையைப் பாருங்க. வாரம் ஒரு தடவை கிராம் கணக்குல எழுதி வைங்க. எடை இறங்கலைன்னா அவசரமே இல்லை. 10 சதவீதம் இறங்கினாலோ, மூச்சுல சத்தம் வந்தாலோ, வாயில நுரை தெரிஞ்சாலோ, ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர்கிட்ட போயிடுங்க.

கண்ணு நீலம் பூத்து மங்கியிருந்தா சட்டை உரிக்கப்போகுது, உரிச்சு முடிக்கட்டும். இணை தேடுற காலத்துல ஆண் பாம்பும் சாப்பாட்டை மறந்துடும்.

இது ரெண்டும் இல்லையா? அப்போ கூண்டைப் பாருங்க. என் கணிப்புல முக்கால்வாசிக் கோளாறு அங்கதான்.

[காட்சி: கூண்டின் இரு முனைகளிலும் வெப்பமானி.]

சூடான பக்கம் 31, 32 டிகிரி. மறுபக்கம் 26 ஒட்டி. ரெண்டு பக்கமும் பாம்பு உடம்பு ஒட்டி உரசுற அளவுக்குச் சின்ன மறைவிடம். காட்டுல எலிவளையிலயும் கறையான் புற்றுலயும் பதுங்குற உயிர் இது. நாம ஆசையா வாங்குற பெரிய கண்ணாடித் தொட்டி, அதுக்கு ஒளியவே இடமில்லாத பொட்டல்.

அடுத்து எலி. பாம்போட உதட்டோரக் குழிகள் வெப்பத்தை உணரும். ஆறிப்போன எலி அதுக்குக் கண்ணுக்கே படாது. உறைஞ்ச எலியை ராத்திரி ஃப்ரிட்ஜ்ல இளக விடுங்க. அப்புறம் கவர்ல கட்டி வெந்நீர்ல வைங்க, 38 டிகிரி வரட்டும். தலை நல்லா சூடா இருக்கணும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், ஒரு பக்கம் வெந்துடும், வயிறு வெடிக்கும். இருட்டினப்புறம், விளக்கைக் குறைச்சுட்டு, லேசா அசைச்சுக் காட்டுங்க.

உயிர் எலியை உள்ள விட்டுட்டுத் தூங்கப் போறவங்களும் இருக்காங்க. பாம்பு சாப்பிடலைன்னா எலி பாம்பைக் கடிக்கும். எலும்பு தெரியுற அளவு காயமாகும்.

வேண்டாம்னுடுச்சா? எலியை எடுத்துடுங்க, ஒரு வாரம் கூண்டுப் பக்கம் தண்ணி மாத்த மட்டும் போங்க. தினம் நீட்டினா இன்னும் மிரளும். புதுசா வந்த பாம்புக்கும் இதேதான். வாயைப் பிளந்து திணிக்கிறது மருத்துவர் வேலை, நம்ம வேலை இல்லை.

[திரையில்: நம் நாட்டு நாகம், சாரை, மலைப்பாம்பு வளர்ப்பது இந்தியாவில் குற்றம் – வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972]

விழுங்கிடுச்சுன்னா சந்தோஷத்துல தூக்கிக் கொஞ்சாதீங்க. 48 மணி நேரத்துக்குள்ள தொட்டா, தின்னதைக் கக்கிடலாம்.