வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் வாட் குறைந்தால் எங்கிருந்து தேடுவது

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் நீங்கள் பார்ப்பது என் நண்பர் ஒருவர் தம் கையாலேயே கட்டிய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபயர். இதில் இரண்டு ஈ.எல்.84 பவர் வால்வுகள் புஷ்-புல் முறையில், அதாவது அலையின் இரு பாதிகளையும் பகிர்ந்துகொண்டு, இயங்குகின்றன. அவற்றுக்கு முன்னால் இரண்டு 12ஏ.எக்ஸ்.7 வால்வுகள் உள்ளன. இத்தகைய அமைப்பு ஏறத்தாழ 15 வாட் தர வேண்டும். ஆனால் வால்யூம் பாதியைத் தாண்டுவதற்குள் ஒலி உடைகிறது, அதற்கு மேல் சத்தம் ஏறவேயில்லை என்பது அவருடைய புகார். புதிய வால்வுகள் வாங்கிப் போடலாமா என்று கேட்டார். அளந்து பார்க்காமல் எதையும் மாற்ற வேண்டாம் என்றேன்.

தொடங்கும் முன் இரண்டு எச்சரிக்கைகள். ஸ்விட்சை அணைத்த பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டர்களில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக்கூடும்; ஆகவே பிளக்கைப் பிடுங்கி, ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடியவிட்டு, மல்டிமீட்டர் பூஜ்யத்தை நெருங்குவதைக் கண்ட பின்னரே கை உள்ளே போக வேண்டும். அடுத்து, ஸ்பீக்கரோ அதற்கு ஈடான ரெசிஸ்டரோ இணைக்காமல் வால்வு ஆம்ப்ளிஃபயரை ஒருபோதும் இயக்கக் கூடாது. அப்போது எழும் மிகை வோல்டேஜ் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரையே பழுதாக்கிவிடலாம்.

இங்கே ஸ்பீக்கருக்குப் பதிலாக 8 ஓம், 50 வாட் ரெசிஸ்டரை இணைத்திருக்கிறேன். உள்ளே 1000 ஹெர்ட்ஸ் சைன் அலை செல்கிறது. வால்யூமை மெதுவாக ஏற்றுகிறேன். ஆஸிலோஸ்கோப்பில் அலையின் உச்சி தட்டையாகத் தொடங்கும் இடத்தில் நிறுத்துகிறேன். 15 வாட் என்றால் உச்சியிலிருந்து அடிவரை சுமார் 31 வோல்ட் இருக்க வேண்டும், இங்கோ 14 தான் இருக்கிறது. அதாவது ஆர்.எம்.எஸ். கணக்கில் (பவரைக் கணக்கிட உதவும் பயனுறு மதிப்பில்) ஏறத்தாழ 5 வோல்ட். அதன் வர்க்கத்தை 8-ஆல் வகுத்தால் 3 வாட். காதை மட்டும் நம்பி இந்த முடிவுக்கு வந்திருக்க முடியாது, ஏனெனில் வாட் பாதியாகக் குறைந்தாலும் 3 டெசிபல் வித்தியாசம்தான். உணர்திறன் குறைந்த ஸ்பீக்கர் ஒன்றே அந்த வித்தியாசத்தைக் காட்டிவிடும்.

பலர் குழம்பும் இடம் இதுதான். பெருக்கம் குறைவதும் பவர் குறைவதும் வேறு வேறு கோளாறுகள். முதல் நிலை வால்வின் கேத்தோடில் (எலக்ட்ரான்களை வெளியிடும் முனையில்) உள்ள கெப்பாசிட்டர் அறுந்தால் பெருக்கம் குறையும். ஆனால் வால்யூமைக் கூட்டினால், அல்லது உள்ளே வலுவான சிக்னலைக் கொடுத்தால், முழு பவரும் வந்துவிடும். பவரே குறையும்போது, எந்த நிலையில் அலை முதலில் தட்டையாகிறது என்பதைத்தான் தேட வேண்டும். அதற்காக ஸ்கோப்பின் புரோபை ஈ.எல்.84-இன் கன்ட்ரோல் கிரிட்டில், அதாவது சிக்னல் நுழையும் முனையில், வைக்கிறேன். பெருக்கிய சிக்னல் வெளியேறும் பிளேட்டில் வைக்காதீர்கள், முழு ஒலியில் அங்கே வோல்டேஜ் சப்ளையைப் போல் ஏறக்குறைய இரு மடங்குவரை எழும்பும். இரண்டு கிரிட்களிலும் அலை ஒரே உயரத்தில், எதிரெதிர்த் திசையில், குலையாமல் வருகிறது. உச்சம் 10 வோல்ட்டை எட்டுவதற்கு முன் இங்கேயே தட்டையாகியிருந்தால், இந்த எதிரெதிர் அலைகளை உண்டாக்கும் ஃபேஸ் இன்வெர்ட்டர் நிலையின் பிளேட் ரெசிஸ்டர்களையும் அதன் சப்ளையையும் சோதித்திருப்பேன். அது தேவைப்படவில்லை.

இப்போது வெளியீட்டு அலையை மறுபடியும் கவனியுங்கள். ஒரு பக்கம் மட்டும் முந்திக்கொண்டு தட்டையாகிறது. இரண்டு வால்வுகளில் ஒன்று வேலை செய்யவில்லை என்பதற்கு இது வலுவான தடயம். இரண்டு வால்வுகளுக்கும் பொதுவான கேத்தோடு ரெசிஸ்டர் 130 ஓம். அதன் குறுக்கே 10.5 வோல்ட் இருந்தால் மொத்தம் 81 மில்லி ஆம்பியர் ஓடுவதாகப் பொருள். இதில் 7 வோல்ட்தான் இருக்கிறது, அதாவது 54 மில்லி ஆம்பியர். ஒரு வால்வு கிட்டத்தட்ட ஓய்ந்துவிட்டதால் பயாஸ் (மின்னோட்டத்தைக் கட்டுக்குள் வைக்கும் வோல்டேஜ்) குறைந்து, மற்றது தன் பங்கைவிட அதிகமாக இழுக்கிறது. விளக்கை அணைக்கிறேன், வலப்பக்க வால்வின் பிளேட்டில் மங்கலான சிவப்பு தெரிகிறதா? ஈ.எல்.84-இன் பிளேட் தாங்குவது 12 வாட், இங்கே அதைத் தாண்டிவிட்டது. சிவந்திருப்பதைப் பார்த்து இதைத்தான் பழுதானது என்று பலர் தூக்கி எறிவார்கள். உண்மையில் நல்ல வால்வு இதுதான்.

அணைத்து, வால்வுகளை ஆறவிட்டு, இடம் மாற்றிச் செருகினேன். சிவப்பு அதே வலப்பக்க சாக்கெட்டில்தான் வந்தது. ஆகவே குற்றம் வால்வில் இல்லை, இடப்பக்க சாக்கெட்டில். அடுத்து ஸ்கிரீன் கிரிட், அதாவது கன்ட்ரோல் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையிலுள்ள இரண்டாவது கிரிட். ஈ.எல்.84 போன்ற பென்டோடு (ஐந்து மின்முனைகள் கொண்ட) வால்வின் மின்னோட்டத்தைப் பெரிதும் தீர்மானிப்பது ஸ்கிரீன் வோல்டேஜ்தான். ஸ்கிரீன் ரெசிஸ்டரின் இரு கால்களிலும் 290 வோல்ட் இருக்கிறது. ஆனால் சாக்கெட்டின் 9-ஆம் முனையில் ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். கேமராவை அருகில் கொண்டுபோகிறேன்: சால்டர் மங்கிச் சாம்பல் நிறத்தில் குமிழாக நிற்கிறது, கம்பியைச் சுற்றி மயிரிழை போன்ற வட்டப் பிளவும் தெரிகிறது. இது உலர் சால்டர், அதாவது சரியாகப் பற்றாத இணைப்பு. ரெசிஸ்டரிலேயே அளந்து நிறுத்தியிருந்தால் இது அகப்பட்டிருக்காது. வோல்டேஜை எப்போதும் சாக்கெட்டின் முனையிலேயே அளந்து பாருங்கள்.

உங்கள் ஆம்ப்ளிஃபயரில் ஸ்கிரீன் சரியாக இருந்தும் பவர் குறைந்தால், அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் இணைப்பைச் சந்தேகியுங்கள். 8 ஓம் ஸ்பீக்கரை டிரான்ஸ்ஃபார்மரின் 4 ஓம் டேப்பில் (4 ஓம் ஸ்பீக்கருக்கான வெளியீட்டு முனையில்) இணைத்தால் வால்வுகள் 8000 ஓமுக்குப் பதில் 16000 ஓமைச் சந்திக்கின்றன, பவர் குறைகிறது. கம்பி நிறங்களில் ஐயமிருந்தால், அணைத்து வடித்து, வால்வுகளையும் ஸ்பீக்கரையும் கழற்றிவிட்டு, 8 ஓம் சுருளுக்கு 1 வோல்ட் ஏ.சி. கொடுங்கள், மறுபக்கம் பிளேட்டுக்குப் பிளேட் சுமார் 32 வோல்ட் வர வேண்டும். ஸ்கோப்பில் கோடு தடித்துக் கலங்கித் தெரிந்தால், காதுக்கு எட்டாத அதிர்வெண்ணில் ஆம்ப்ளிஃபயர் தானாக அலைவுறுகிறது, பவர் அதிலேயே கரைகிறது. ஸ்பீக்கருக்குப் போகும் கம்பியை உள்ளீட்டுக் கம்பியிலிருந்து விலக்குங்கள்.

நம் மேசைக்கு வருவோம். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்து, முனையைச் சுரண்டி, புதிதாக வைத்தாயிற்று. கேத்தோடில் 10.5 வோல்ட், சிவப்பு இல்லை. வெளியீடு 30 வோல்ட், அதாவது 14 வாட். மீதமுள்ள 1 வாட் 0.3 டெசிபல் மட்டுமே. அதற்காக இதை மறுபடியும் பிரிக்கப் போவதில்லை.