சித்திரமும் கைப்பழக்கம்: லூசியா விழாவில் ஆற்றிய உரை

விழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் ஐயா அவர்களே, இந்தக் குளிரிலும் அழைப்பை மதித்து வந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, அரங்கை வாடகையின்றித் தந்த பள்ளித் தலைமையாசிரியை அவர்களே, வார விடுமுறையைத் துறந்து தமிழ் சொல்லித் தரும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, வெள்ளை அங்கியும் சிவப்பு இடைக்கச்சையுமாய் வரிசையில் நிற்கும் குழந்தைகளே, அனைவருக்கும் வணக்கம்.

கொடி, மிட்சம்மர் எனும் கோடை நடு விழா, லூசியா எனும் ஒளி விழா, தாலா குதிரை எனும் வண்ண மரக்குதிரை, வைக்கோல் ஆடு என ஐந்து ஸ்வீடன் அடையாளங்களைப் பற்றிப் பேசப் பணித்திருக்கிறார்கள். "சித்திரமும் கைப்பழக்கம், செந்தமிழும் நாப்பழக்கம்" என்றார் ஔவை. இந்த ஐந்தும் எனக்கு அந்த வரியைத்தான் நினைவூட்டுகின்றன.

முதலில் கொடி: நீலத்தின்மேல் மஞ்சள் சிலுவை. நீளம் 16 பங்கு, அகலம் 10. நீளவாக்கில் நீலம் 5, மஞ்சள் 2, நீலம் 9. உயரவாக்கில் 4, 2, 4. பிள்ளைகள் வரையும்போது சிலுவையை நட்டநடுவில் போட்டுவிடுகிறார்கள். அது கம்பத்தின் பக்கம் ஒதுங்கி நிற்க வேண்டும். ஜூன் 6 தேசிய நாள். 1523-இல் அந்நாளில்தான் குஸ்தாவ் வாசா அரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் அது பொது விடுமுறையானது 2005-இல்தான்.

இன்று லூசியா, டிசம்பர் 13. குங்குமப்பூ ரொட்டி இல்லாமல் லூசியா ஏது? 5 டெசிலிட்டர் (அரை லிட்டர்) பால், 50 கிராம் ஈஸ்ட், 175 கிராம் வெண்ணெய், 250 கிராம் குவார்க் எனும் மென்பாலாடைக்கட்டி, 2 டெசிலிட்டர் சர்க்கரை, 1 கிராம் குங்குமப்பூ, ஏறக்குறைய 17 டெசிலிட்டர் மாவு. குங்குமப்பூவைக் கொஞ்சம் சர்க்கரையோடு சேர்த்து நுணுக்குங்கள். அப்போதுதான் நிறம் இறங்கும். பால் 37 பாகை செல்சியஸ் சூட்டில் இருக்கட்டும். கொதித்த பாலை ஊற்றினால் ஈஸ்ட் செத்துப்போகும். மாவு கையில் ஒட்டுகிறதே என்று பயந்து மேலும் மேலும் மாவு கொட்டுவதுதான் பெரிய பிழை. மறுநாள் ரொட்டி வறண்டு உதிரும். பிசைந்த மாவு கொஞ்சம் ஒட்டத்தான் வேண்டும். உலர்திராட்சையை ஆழமாக அழுத்துங்கள், இல்லாவிட்டால் ரொட்டி உப்பும்போது வெளியே தள்ளிவிடும். 225 பாகையில் எட்டு நிமிடம் சுட்டால் போதும். இந்தப் பதத்தைப் புத்தகம் சொல்லாது, விரல்தான் சொல்லும். சித்திரமும் கைப்பழக்கம்!

இனி ஆட்டுக்கு வருவோம். ஸ்வீடிஷ் வீடுகளில் கிறிஸ்துமஸுக்கு வைக்கும் சின்ன வைக்கோல் ஆட்டை, யேவ்லே நகரத்தார் 1966-இல் 13 மீட்டர் உயரத்தில் சதுக்கத்தில் நிறுத்தினார்கள். அந்தப் புத்தாண்டு நள்ளிரவிலேயே யாரோ கொளுத்திவிட்டார்கள்! மறுபடி கட்டினார்கள். 1976-இல் ஒரு கார் வந்து மோதியது. 2001-இல் ஓர் அமெரிக்கப் பயணி, ஆட்டைக் கொளுத்துவது இங்கே சட்டப்படியான வழக்கம் என்று நண்பர்கள் சொன்னதை நம்பித் தீ வைத்தார். 18 நாள் சிறையில் இருந்தார். 2005-இல் கிறிஸ்துமஸ் தாத்தா வேடத்திலும் இஞ்சி ரொட்டி வேடத்திலும் வந்தவர்கள் எரித்தார்கள். வேலி போட்டார்கள், கேமரா வைத்தார்கள், காவலர் நின்றார்கள். 2023-இல் வந்தது யார் தெரியுமா? காக்கை இனப் பறவைகள்! மழை மிகுந்த கோடையால் அந்த ஆண்டு வைக்கோலில் தானியம் நிறையத் தங்கிவிட்டது. கொத்திக் கொத்தி ஆட்டைப் பிய்த்துவிட்டன. ஆனாலும் ஒவ்வோர் ஆண்டும் ஆடு எழுகிறது. ஏன்? மரச்சட்டம் கோக்கவும் வைக்கோல் பின்னவும் தெரிந்த கைகள் அந்த ஊரில் இருக்கின்றன!

தாலா குதிரையும் அப்படித்தான். மோரா அருகே நூஸ்னேஸ் கிராமத்தில் பைன் கட்டையைக் கத்தியால் செதுக்குகிறார்கள். ஒரே தூரிகையில் இரண்டு வண்ணம் தோய்த்து ஒரே இழுப்பில் பூவிதழ் வரைகிறார்கள்.

மிட்சம்மர் கம்பத்தைப் பற்றி விரிவாகப் பேச இருந்தேன். நேரமில்லை, அதைவிட அவசரமான ஒன்று இருக்கிறது.

பெற்றோர்களே, இந்த நாட்டுப் பள்ளியில் ஸ்லொய்ட் என்றொரு கைவேலைப் பாடம் உண்டு. மரம், உலோகம், துணி, நூல். தொடக்க வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை மொத்தம் 330 மணி நேரம். "அது விளையாட்டு, கணக்கைப் பார்" என்று வீட்டில் சொல்கிறோம். தவறு, பெருந்தவறு! மேல்நிலைப் பள்ளியில் இடம் பிடிக்கும் மதிப்பெண்ணில் ஸ்லொய்டுக்கும் கணக்குக்கும் ஒரே எடை. 'ஏ' வாங்கினால் இரண்டிலும் 20 புள்ளி. புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. இந்த நாட்டின் திருவிழா ஒவ்வொன்றும் கைவேலையில் நிற்கிறது. கைவேலை தெரியாத பிள்ளை அதில் வேடிக்கை பார்க்கும் விருந்தாளியாகவே நின்றுவிடும். உறுப்பினர் அவர்களிடம் இந்த மேடையிலேயே வேண்டுகிறேன்: மாலை நேரத்தில் பள்ளிப் பட்டறைகளைப் பெற்றோருக்கும் திறந்துவிடுங்கள்.

அரங்கின் பின்புறம், சின்ன ஆடு செய்து பார்க்க, வெதுவெதுப்பான நீரில் வைக்கோல் தாள்கள் ஊறுகின்றன. ஊறாத தாளை மடக்கினால் ஒடியும். முதலில் கழுத்தில் சிவப்பு நூலை இறுக்கிக் கட்டுங்கள், பிறகு கால்களைப் பிரியுங்கள், கொம்பைக் கடைசியில் பின்னுங்கள். காயும்போது தாள் சுருங்கும், கட்டுத் தளரும். அதனால் நூலை ஒரு சுற்றுக் கூடவே சுற்றுங்கள். தாத்தா பாட்டிமாரும் வாருங்கள், நாற்காலி போட்டிருக்கிறது.