ஏழு தண்ணீரில் அலசிய கற்றாழை

நேயர்களுக்கு வணக்கம்.

என் ஆச்சி சோற்றுக்கற்றாழை மடலை வெட்டியதும் சீவிவிட மாட்டார். வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி சுவரில் சாய்த்து வைப்பார். மஞ்சளாக ஒரு பால் சொட்டும். அது வடிந்து முடிந்த பிறகுதான் தோலைச் சீவி, உள்ளே இருக்கும் சோற்றை ஏழு தண்ணீரில் அலசுவார். ஆறாவது தடவை நான் கையை நீட்டினால் தட்டிவிடுவார். "அந்த மஞ்சள் வயித்தைக் கலக்கிரும்டா" என்பார்.

அந்த மஞ்சளைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன். அதைக் காய்ச்சி இறுக்கினால் கரியபோளம், அதாவது மூசாம்பரம். பேதியாவதற்குக் கொடுப்பது. அதிலுள்ள ஆந்த்ரகுவினோன் வகைப் பொருள்கள்தான் குடலை முடுக்குகின்றன. நம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து கப்பலேறும் நிலாவரை என்ற பேதி மூலிகையிலும் அதே வகைதான்.

அமெரிக்காவில் இந்த மஞ்சளை நீக்காமல், முழு மடலின் சாற்றை எலிகளுக்குக் குடிநீரில் கலந்து இரண்டு ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தார்கள். பெருங்குடலில் கட்டிகள் வந்தன. அதை வைத்து உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தச் சாற்றை 'மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற பட்டியலில் சேர்த்தது. 'கூடும்' என்பதைக் கவனியுங்கள். உண்டாக்கும் என்று சொல்லவில்லை. அலசிய சோற்றைப் பற்றியும் சொல்லவில்லை. ஆச்சி அலசியது அந்த மஞ்சளைத்தான்! இன்று புட்டியில் 'முழு இலைச் சாறு' என்று போட்டிருந்தால், அந்த மஞ்சளை நீக்கினார்களா என்று கேட்டு வாங்குங்கள்.

சரி, நிலாவரை? அதையும் எலிகளுக்கு இரண்டு ஆண்டுகள் கொடுத்தார்கள், புற்று வரவில்லை. மனிதரிலும் தொடர்பு உறுதியாகவில்லை. ஆனால் மாதக்கணக்கில் சாப்பிட்டால் பெருங்குடலின் உட்சுவர் கறுத்துப்போகும். குடலுக்குள் கேமரா விட்டுப் பார்க்கும்போது இது தெரிந்து பலர் பதறுகிறார்கள். அது புற்றுநோய் அல்ல. மருந்தை நிறுத்தினால் சில மாதங்களில் மெல்ல மறையும். ஐரோப்பிய மருந்து முகமை மருத்துவர் கண்காணிப்பு இல்லாமல் ஒன்றிரண்டு வாரங்களுக்கு மேல் வேண்டாம் என்கிறது. மறுபடியும் சொல்கிறேன், வாரங்கள். நம் வீடுகளில் ஆண்டுக்கணக்கில் தினமும் ராத்திரி நிலாவரைச் சூரணம் ஓடுகிறது. மூலிகைதானே என்கிறோம்.

நேரமாகிவிட்டது என்று சைகை வருகிறது. பேதியாகும்போது உடலில் குறையும் பொட்டாசியம் என்ற உப்புச்சத்தைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன். சுருக்கமாக: இதயத்துக்கோ, நீர் பிரியவோ மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பேதி மூலிகைகளைத் தொட வேண்டாம். அப்புறம், மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, நடுவயதுக்கு மேல் புதிதாக வந்த மலச்சிக்கல், இவற்றுக்குச் சூரணத்தைத் தேடாதீர்கள். நேரே மருத்துவரிடம் போங்கள். வணக்கம்.