இரண்டாவது சேலை

(பணி நிறைவு விழாவில் தலைமை ஆசிரியை ஒருவர் ஆற்றிய ஏற்புரையின் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம்.

முதலில் ஒரு திருத்தம். எனக்கு முன்னால் பேசிய மூன்று பேரும் என்னைத் தைரியசாலி என்றார்கள். ஒருவர் வீரமங்கை வரைக்கும் போய்விட்டார். பொன்னாடை போர்த்துகிற நாளில் ஒரு படி கூடுதலாகப் பேசுவது நம் வழக்கம்தான். ஆனால் என்னோடு வேலை பார்த்தவர்கள் முன்வரிசையில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பள்ளிக்கு ஆய்வு என்று கேள்விப்பட்டாலே முந்தின ராத்திரி தூக்கம் போய்விடுகிற ஆள் நான். தைரியம் யாரிடம் இருந்தது, அதில் எனக்கு என்ன ஒட்டியது என்பதை மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். சாப்பாடு வேறு ஆறுகிறது.

சாவித்திரிபாய் புலேயின் கதை இங்கே எல்லோருக்கும் தெரியும். 1831-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே கல்யாணம். எழுத்துச் சொல்லிக் கொடுத்தது கணவர் ஜோதிராவ். 1848-இல் புனேயில் பெண் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். அப்போது இந்த அம்மாவுக்குப் பதினேழு வயது. பள்ளிக்குப் போகிற வழியில் அவர் மேல் சேற்றையும் சாணியையும் எறிந்தார்கள். அதனால் பையில் இன்னொரு சேலை எடுத்துப் போவார், பள்ளிக்குப் போய் மாற்றிக்கொள்வார் என்று சொல்வார்கள்.

மேடையில் இதைச் சொல்கிறவர்கள் எல்லோரும் சேற்றைப் பற்றித்தான் பேசுவார்கள். எனக்கு அந்தச் சேலையை விட்டு மனசு நகராது. காலையில் வீட்டில் நின்று அதை மடித்திருப்பார் இல்லையா? இன்றைக்கும் எறிவார்கள் என்று தெரிந்துதானே மடித்திருப்பார்? இன்றைக்காவது விட்டுவிடுவார்கள் என்று சாமி கும்பிட்டுவிட்டுக் கிளம்பவில்லை. எறிந்தால் பாடம் எத்தனை மணிக்குத் தொடங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுக் கிளம்பியிருக்கிறார். இதற்கு வீரம் என்று பேர் வைக்க எனக்கு வாய் வரவில்லை. ஏற்பாடு என்றுதான் சொல்வேன். பயந்த ஆளாலும் ஏற்பாடு செய்ய முடியும். அதனால்தான் அது எனக்குப் பிடித்துப் போனது.

அடுத்தவர் நம் பக்கத்து மனிதர். நம் கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரைக்கும் திருவிதாங்கூரோடு இருந்ததால் அப்படிச் சொல்ல நமக்கு உரிமை உண்டு. வெங்ஙானூர் அய்யன்காளி. 1863-இல் பிறந்தவர். பள்ளிக்கூடமே போனதில்லை. அவருடைய சாதியான புலையர் நடக்கக்கூடாது என்றிருந்த தெருவில் 1893-இல் வில்லுவண்டி ஓட்டிப் போனவர் என்றுதான் அவரைப் பெரும்பாலும் சொல்வார்கள். வண்டி பெரிய விஷயம்தான். ஆனால் ஒரு வாத்தியாராக நான் பார்ப்பது, அவர் நடத்திய வேலைநிறுத்தத்தை. எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்காவிட்டால் நாங்கள் வயலில் இறங்க மாட்டோம் என்று நின்றார்கள். யோசித்துப் பாருங்கள், கூலி மட்டுமே கேட்டிருந்தால் ஒரு வாரத்தில் பேசி முடித்திருப்பார்கள். இவர்கள் கேட்டது பள்ளிக்கூடம். வயல் புல் மண்டிக் கிடந்தது. அன்றாடம் கூலி வாங்கிச் சாப்பிடுகிறவர்கள், அடுப்பு எப்படி எரியும்? அய்யன்காளி விழிஞ்ஞம் கடற்கரைக்குப் போய் மீனவர்களிடம் பேசி, நம் ஆட்களைப் படகில் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். அவர்களும் சேர்த்துக்கொண்டார்கள். இதுவும் அந்தச் சேலை மாதிரிதான்.

1910-இல் அந்தப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கச் சொல்லி அரசாணை வெளியானது. ஆணை வந்தால் கதவு திறந்துவிடுமா? ஊரூட்டம்பலம் பள்ளிக்குப் பஞ்சமி என்ற சின்னப் பெண்ணை அவரே கையைப் பிடித்துக் கூட்டிப்போனார். சேர்க்க மறுத்தார்கள், அடிதடி ஆனது, கடைசியில் பள்ளிக்கூடத்தையே கொளுத்திவிட்டார்கள். பாதி எரிந்த பெஞ்சு ஒன்றை அந்தப் பள்ளியில் இன்றும் வைத்திருக்கிறார்கள். இங்கிருந்து பஸ் பிடித்தால் போய்ப் பார்க்கிற தூரம்தான்.

சரி, இப்போது என் கதைக்கு வருகிறேன். கொஞ்சம் வெட்கம் கெட்ட கதை.

நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியின் பெயர் வேண்டாம். அங்கே என் வகுப்பில் ஒரு தெருப் பிள்ளைகள் மட்டும் கடைசி வரிசையில் உட்காருவார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை, யாரும் மாற்றவும் இல்லை. மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கேட்டேன். "அது வழக்கம் டீச்சர்" என்றார். நான் சரி என்று வந்துவிட்டேன். ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் அந்தப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் சுவர்தான் இருந்தது. மேடையில் இவ்வளவு பேசுகிறேனே, அப்போது வாயைத் திறக்கவில்லை.

அந்தப் பெஞ்சைப் பற்றிக் கேள்விப்பட்ட பிறகுதான் உறுத்தல் தாங்க முடியாமல் போனது. அப்போதும் வகுப்பில் நின்று சாதி ஒழிக என்றெல்லாம் முழங்கவில்லை. ஒரு பட்டியல் போட்டேன். வருகைப் பதிவேட்டு எண்படி, திங்கட்கிழமைதோறும் எல்லோருக்கும் இடம் மாறும். கடைசி வரிசைக்காரர் முதல் வரிசைக்கு வருவார், இந்தப் பக்கம் இருப்பவர் அந்தப் பக்கம் போவார். மூன்றாவது வாரம் ஒரு தகப்பனார் சத்தம் போட்டுக்கொண்டு வந்தார். எனக்குக் கை நடுங்கியது. வாயில் வந்தது என்ன தெரியுமா? "சார், ஒரே பக்கம் இருந்து கரும்பலகையைப் பார்த்தால் பிள்ளைகளுக்குக் கண் கெட்டுப்போகும்." பச்சைப் பொய். அய்யன்காளி கேட்டிருந்தால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். மறுநாள் மூன்று பிள்ளைகள் வரவில்லை. பட்டியலை நான் மாற்றவில்லை. அடுத்த வாரம் ஓட்டப் பந்தயத்துக்குப் பெயர் எடுத்தேன், மூன்று பேரும் வந்துவிட்டார்கள். சண்டை பெரியவர்களுக்குத்தான்.

அப்புறம் சகோதரி சுப்புலட்சுமி. சென்னையில் லேடி வெலிங்டன் கல்லூரியில் பி.எட். படிக்கும்போது வாசலில் அவர் பெயரைப் பார்த்துக்கொண்டு, யார் என்று கேட்காமலே ஒரு வருஷம் போய்வந்தவள் நான். குழந்தையாக இருக்கும்போதே விதவையானவர். 1911-இல் மாநிலக் கல்லூரியில் பட்டம் வாங்கினார். மறுவருஷம் தன்னைப் போலவே விதவையான நாலு சிறுமிகளை வீட்டில் வைத்துக்கொண்டு தொடங்கினார். பிறகு கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடம் அவர்களுக்கு விடுதியானது. 1922-இல் பக்கத்திலேயே, பின்னால் நான் படித்த அந்த ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி வந்தபோது அதற்கு முதல் முதல்வரும் அவரே. மூலையில் உட்கார் என்று ஊர் சொன்ன பெண்களில் எத்தனையோ பேரைக் கரும்பலகைக்கு முன்னால் நிறுத்தினார். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது ஒரு சின்ன விஷயம். பத்தாம் வகுப்போடு பெண்ணை நிறுத்தப் போகிற வீட்டுக்குப் பரீட்சை முடிந்து போனால் பந்தக்கால் நட்டிருப்பார்கள். ஆகஸ்டிலேயே போய்விட வேண்டும். காப்பி குடித்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பி வரவேண்டும். கேட்பதெல்லாம் மூன்றாவது காப்பியில்தான்.

எல்லா வீட்டிலும் பலித்தது என்று நினைக்காதீர்கள். இந்தப் பந்தலுக்குள்ளேயே, பலிக்காமல் போன பிள்ளை ஒருத்தி தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். மகள் பிளஸ் டூ படிக்கிறாளாம். இப்போதுதான் சொன்னாள்.

இன்று சனிக்கிழமை. புதிதாகப் பொறுப்பேற்கிற தலைமை ஆசிரியரிடம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டேன். ஒன்றை மட்டும் சொல்ல மறந்துவிட்டேன் சார். எல்லா வகுப்புக்கும் இடம் மாற்றும் பட்டியல் மேசையின் இடப்பக்க டிராயரில் இருக்கிறது. கொஞ்சம் இறுக்கமான டிராயர், தூக்கி இழுக்க வேண்டும். எட்டாம் வகுப்பு பி பிரிவில் இந்தத் திங்கள் ஜன்னல் ஓரம் யாருக்கு என்று ஒரு சண்டை வரும். பட்டியலைக் காட்டுங்கள், அடங்கிவிடுவார்கள்.