'நிகர' என்கிற சின்ன வார்த்தை

வணக்கம் நேயர்களே. இன்று பேச்சு நாடுகள் இலக்காகச் சொல்லும் 'நிகர பூஜ்ஜியம்' பற்றி, அதாவது வெளியே விடுகிற கரியமில வாயுவும் காற்றிலிருந்து திரும்ப உறிஞ்சுவதும் சமமாகிவிடும் நிலை. ஒரு வகுத்தல் கணக்கோடு ஆரம்பிக்கிறேன்.

ஐஸ்லாந்தில் 2024-ல் மாமத் என்றொரு ஆலையை இயக்கத் தொடங்கினார்கள். வரிசையாக மின்விசிறிகள் காற்றை உள்ளே இழுக்கும், வடிகட்டியில் கரியமில வாயு மட்டும் ஒட்டிக்கொள்ளும், அப்புறம் பெட்டியை மூடி நூறு டிகிரி அளவுக்குச் சூடேற்றினால் ஒட்டிய வாயு கழன்று வரும். அதைத் தண்ணீரில் கரைத்து பூமிக்கடியில் எரிமலைப் பாறைக்குள் செலுத்தினால் சில ஆண்டுகளில் கல்லாகவே மாறிவிடும். கேட்கவே ஆசையாக இருக்கிறது, இல்லையா? எனக்கும்தான். முழு வீச்சில் ஓடினால் ஆண்டுக்கு 36,000 டன் பிடிக்கலாம் என்பது அதன் திட்டம். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து உலகம் வெளியே விடுவதோ ஆண்டுக்கு 3,700 கோடி டன் அளவுக்கு. வகுத்துப் பாருங்கள். ஆலையின் ஒரு வருட உழைப்பு, நாம் அரை நிமிடத்தில் விடுகிற புகை.

ஆலையைக் குறை சொல்லிப் பயனில்லை. காற்றில் ஏறக்குறைய 2,500 மூலக்கூறுகளுக்கு ஒன்றுதான் கரியமில வாயு, அதைத் தேடிப் பிடிக்க மின்சாரமும் சூடும் நிறைய வேண்டும்.

அப்படியானால் இது வேண்டாத வேலையா? இல்லை. சிமெண்ட், விமானம், வயலில் போடும் உரம் என்று எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் மிஞ்சும். அந்த மிச்சத்துக்கு ஈடாக வாயுவை உறிஞ்சித்தான் ஆக வேண்டும் என்று ஐ.நா.வின் காலநிலை அறிவியல் குழுவான ஐ.பி.சி.சி.யும் 2022-ல் சொல்லிவிட்டது. எனக்கு உறுத்துவது 'நிகர பூஜ்ஜியம்' என்பதில் வரும் அந்த 'நிகர'. உமிழ்வைக் குறைப்பதையும் பிறகு உறிஞ்சுவதையும் ஒரே எண்ணில் கலந்துவிட்டால், இன்று மூட வேண்டிய அனல்மின் நிலையத்தை 2050-ல் வரப்போகும் ஏதோ ஒரு இயந்திரத்தின் பெயரில் ஓட்டிக்கொண்டே இருக்கலாம்.

ஸ்வீடன் இதைக் கொஞ்சம் யோசித்துச் செய்திருக்கிறது. 2045-ல் நிகர பூஜ்ஜியம், ஆனால் 1990 அளவிலிருந்து குறைந்தது 85 சதவீதத்தை உள்நாட்டிலேயே குறைத்திருக்க வேண்டும். காடு, உறிஞ்சுதல், வெளிநாட்டு முதலீடு எல்லாம் மீதிக்குத்தான். ஐரோப்பிய ஒன்றியமும் 2030 இலக்கில் காடும் நிலமும் உறிஞ்சுவதை 22.5 கோடி டன் வரைதான் கணக்கில் சேர்க்கலாம் என்று சட்டத்திலேயே வரம்பு வைத்தது.

காடு என்றதும் இன்னொன்று. மரத்தில் சேர்ந்த கார்பன் ஒரு காட்டுத்தீயில் காற்றுக்கே திரும்பிப் போய்விடும், பாறைக்குள் கல்லானது போகாது. இரண்டையும் ஒரே டன்னாக எண்ணுகிற அறிக்கைகள் இன்னும் வந்துகொண்டுதான் இருக்கின்றன. அதனால் எந்த நாட்டின் திட்டம் கைக்கு வந்தாலும் நான் முதலில் புரட்டுவது அந்த அட்டவணையைத்தான்: எவ்வளவு குறைப்பு, எவ்வளவு உறிஞ்சல், உறிஞ்சியதை எங்கே வைக்கப்போகிறார்கள்.